சிங்காரம் வீட்டுப் பாடு

தகரக் கதவின்மேல் அலுமினியக் கூடை ஒன்று வந்து மோதிய சத்தத்தில் மாலா கையிலிருந்த இறால் தெறித்து விழுந்தது. கூடை வாசலில் உருண்டு, இரண்டு கோழிகளைக் கலைத்துவிட்டு, வேலியோரம் போய்க் கவிழ்ந்தது.

"இதையும் வச்சிக்குங்க. எங்க மொறையில வலை கட்டி எங்க றாலை வாரினு வந்துட்டீங்க. வெறுங்கூடை மட்டும் எங்களுக்கு இன்னாத்துக்கு?"

வாசலில் ராஜம்மா நின்றிருந்தாள். நான்கு வீடு தள்ளியிருக்கும் துளசிங்கத்தின் மனைவி. இடுப்பில் சொருகிய முந்தானை, அவிழ்ந்த கொண்டை. அவள் குரல் கேட்டு அக்கம்பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

மாலா முறத்தைத் தள்ளி வைத்தாள். "காலங்காத்தால இன்னாமே இது? பொட்டி கூப்டுச்சி, எங்க வூட்டுக்காரரு போனாரு. ஊரு கூப்ட்டா போகாம படுத்துக்கவா சொல்ற?"

"பொட்டி கூப்டுச்சாம். பொட்டியை எழுதினது யாரு? உன் பொண்ணு. கூப்ட்ட பேரு யாருது? உன் புருசனுது. நான் ரெண்டாங்கிளாஸ்தான் படிச்சேன், ஆனா இதைக் கூட்டிப் பாக்கறதுக்கு அது போதும்."

அப்போதுதான் மகள் செவ்வந்தி பாதி பின்னிய சடையோடு வெளியே வந்தாள். ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பது மணிக்குக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர முடியும். அங்கே லாரிகளை எடை போடும் மேடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்னக் கம்பெனியில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். எடைமேடையில் இருக்கிற பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் என்ன கோளாறு வந்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். நடுத்திட்டுக் குப்பத்தில் கம்ப்யூட்டருக்குப் படித்த முதல் பெண் என்பதால், ஊருக்கு ஒரு புரோகிராம் வேண்டியிருந்தபோது தலைவர் அவளைத்தான் கேட்டார்.

அது பாடு கூப்பிடுவதற்கான புரோகிராம். பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடத்தில் நினைத்தவர் நினைத்தபோது வலை போட முடியாது. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. சாயங்காலம் கோயில் முன்னால் ஒரு பேரைக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டார் கழி நட்டுச் சுத்துவலை கட்டினால், விடியும்வரை அந்த இடம் அவர்களுடையது. குப்பத்தில் முப்பத்தெட்டு வீட்டுக்குப் பாடு உண்டு. ஒரு வீட்டுக்கு வந்து போனால் மறுபடி வர முப்பத்தெட்டு நாள். நடுவில் சாவோ புயல்காற்றோ வந்தால் இன்னும் தள்ளும்.

முன்பெல்லாம் அது ஒரு நீள நோட்டில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. அதிலிருந்து பொட்டிதான் எல்லாம். பொட்டி என்றால் கோயில் பக்கத்துக் கூடத்தில் இருக்கும் பழைய லேப்டாப்.

திங்கட்கிழமை பூபதி வீட்டுக்குப் பாடு. அடுத்தது துளசிங்கம், அதற்கடுத்தது முனியம்மா வீடு, அப்புறம்தான் செவ்வந்தியின் அப்பா சிங்காரம். ஆனால் நேற்று, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பொட்டி சிங்காரம் என்றது. போன வாரம் ஒரு சாவுக்காக இரண்டு நாள் ஏரியில் யாரும் இறங்கவில்லை. அதில் யார் யாருக்குப் பின்னால் என்று பலருக்கும் குழப்பம். துளசிங்கம் மட்டும் தோளில் வலையோடு வந்து நின்றிருந்தார். கூப்பிட்ட பேரை அன்றைக்கு மற்றவர்கள் மறுக்கக் கூடாது, தகராறு இருந்தால் மறுநாள் கூட்டத்தில்தான் என்பது ஊர் வழக்கம். அவர் வலையோடு வீட்டுக்குத் திரும்பினார். சிங்காரம் இறங்கினார். வாடைக்காற்று தணிந்த நேரம், முகத்துவாரத்தில் கடல் தண்ணீர் ஏறுகிற நேரம். இந்தத் தை மாதத்தில் யாருக்கும் கிடைக்காத அளவுக்கு வெள்ளை இறால் விழுந்திருந்தது.

"சின்னம்மா, சத்தியமா நான் ஒண்ணியும் பண்ணல" என்றாள் செவ்வந்தி.

"நீ இன்னாத்துக்குப் பண்ணப் போற? பொட்டிக்குத்தான் உங்க நைனா மேல ஆசை வந்துடுச்சி."

வேலியில் யாரோ சிரித்தார்கள்.

செவ்வந்தி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சிங்காரம் வேப்பமரத்தடியில் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. என் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கைவலைக்காரர்களோடு சண்டை வந்தபோது துடுப்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றவர் அவர். இன்றைக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, நீயாவது சொல்லேன்."

"கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார் சிங்காரம், வலையைப் பார்த்தபடி.

கூட்டச் செய்தியும் உடனே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் சகாதேவன். ஊருக்குக் கூப்பாடு சொல்வது அவர் வேலை. சாவு, கூட்டம், பாடு எதுவானாலும் அவர் குரல்தான். பொட்டியை இயக்குகிறவரும் அவர்தான்.

"நாலு மணிக்குக் கோயிலாண்ட வரச்சொன்னாரு தலைவரு. பொட்டி ஏன் ரெண்டு வூட்டைத் தாண்டிச்சினு காரணம் காட்டணுமாம். காட்டலைனா..." அவர் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "ஒரு வருசத்துக்கு உங்க வூட்டுக்குப் பாடு கெடையாதுனு பேசிக்கறாங்க. நான் சொன்னதா சொல்லாதீங்க."

பாடு இல்லாத வீட்டில் பெண் எடுக்க வர மாட்டார்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாட்டார்கள்.

"மாமா, பொட்டியை நான் பாக்கணும். இப்பவே" என்றாள் செவ்வந்தி.

"அதெப்படி?" ராஜம்மா முன்னால் வந்தாள். "தனியா உட்டா உள்ள போயி எல்லாத்தியும் தொடச்சி வச்சிடுவா. நானும் வரேன். பக்கத்துலயே குந்திகினு பாப்பேன்."

"வாங்க சின்னம்மா. நல்லதுதான்."

அந்தப் பதிலை ராஜம்மா எதிர்பார்க்கவில்லை. வேலியோரம் போய்க் கூடையை எடுத்துக்கொண்டாள்.

கூடத்துக்குள் திருவிழாக் குடையும் உடைந்த ஸ்பீக்கரும் ஒரு மூலையில் கிடந்தன. இரும்பு மேஜையில் பொட்டி. சகாதேவன் பூட்டைத் திறந்து, மேஜைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். ராஜம்மா ஒரு நண்டு வலையைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு, செவ்வந்தியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கை சிக்கெடுத்தது. கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை.

செவ்வந்தி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, முதலில் பேர்ப்பட்டியலை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்தாள். ராஜம்மாவிடம் காட்டினாள். "இது நெஜம். இதைத் தொடமாட்டேன். சோதனையெல்லாம் இந்த நகல்லதான்."

"ம்."

பிறகு பதிவேட்டைத் திறந்தாள். புரோகிராம் என்ன செய்தாலும் நேரத்தோடு ஒரு வரி எழுதி வைக்கும்படி அவள் செய்திருந்தாள். நேற்றைய வரிகள் மூன்று இருந்தன. ஐந்து நாற்பத்திரண்டுக்குத் துளசிங்கம். சரியாக இருபத்தொரு விநாடி கழித்து முனியம்மா. இன்னும் இருபத்தொரு விநாடி கழித்துச் சிங்காரம்.

"எங்க வூட்டு பேரு கீதே" என்றாள் ராஜம்மா, எழுத்துக்கூட்டி. "பொட்டிக்குத் தெரிஞ்சிக்கீது. தெரிஞ்சிகினே முழுங்கிக்கீது."

"மாமா, நேத்து அடுத்த பாடு பட்டனை எப்படி அமுக்கினீங்க?"

"எப்பவும் போலத்தாம்மா."

"பேரு வரலைனு அப்பால திரும்ப அமுக்கினீங்களா?"

"இல்லியே. திரை அப்படியே வெறச்சிப் போச்சி. கொஞ்ச நேரத்துல வெள்ளையா பூத்துடுச்சி. நான் கையைக் கட்டிகினு ஓரமா நின்னேன். ஒரு நிமிசம் ஆயிருக்கும். அப்பால உங்க நைனா பேரு வந்துச்சி. கூப்டேன். பூபதியைக் கேளு, அவன் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் யாரும் தொடாமலே புரோகிராம் இரண்டு பேரைத் தாண்டியிருக்கிறது.

செவ்வந்தி பட்டனை ஒரு தரம் அமுக்கினாள். திரை உறைந்தது. கோயில் பின்னாலிருக்கும் சவுக்குத் தோப்பு மறைப்பதால் இங்கே சிக்னல் கோடு ஒன்றுதான் தெரியும், அதுவும் வந்து வந்து போகும். இருபத்தொரு விநாடி கழித்துத் திரை உயிர் பெற்றது. பேர் வந்தது. சரியான பேர். மறுபடி அமுக்கினாள். மறுபடி உறைந்தது. மறுபடி சரியான அடுத்த பேர்.

உறைவதற்குக் காரணம் தெரிந்ததுதான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் புரோகிராமில் இரண்டு மாற்றம் எழுதி, நேற்றுக் காலையில்தான் பொட்டியில் ஏற்றியிருந்தாள். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன்கள், இன்றைக்கு யார் பாடு என்று எங்கள் போனுக்கும் வரட்டும் என்று கேட்டார்கள். அதனால் பேர் மாறியதும் ஒரு செய்தி அனுப்பும் வேலையைச் சேர்த்தாள். கம்பெனியில் சோதித்தபோது கண் இமைக்கும் முன் போய்விட்டது. இங்கே சிக்னல் கிடைக்காமல் புரோகிராம் காத்துக் கிடக்கிறது. காத்துக் கிடக்கும்வரை திரையில் எதுவும் அசையாது. அது தவறுதான், திருத்த வேண்டியதுதான். ஆனால் காத்திருப்பதால் பேர் ஏன் தாண்ட வேண்டும்?

புது மவுஸ் மாட்டிப் பார்த்தாள். பழைய மவுஸ் ஒரு தட்டலை இரண்டாக அனுப்புவதுண்டு. இல்லை. செய்தி போகாவிட்டால் திரும்ப அனுப்பும் பகுதியை வரி வரியாகப் படித்தாள். திரும்ப அனுப்பும்போது பேரையும் சேர்த்து நகர்த்துகிறதோ என்று சந்தேகம். அதுவும் இல்லை. பொட்டியை அணைத்துப் போட்டாள். பதினைந்து தரம் அமுக்கினாள். பதினைந்து தரமும் ஒழுங்காக வந்தது.

"பொட்டி இப்ப ஒழுங்கா சொல்றதை நேத்து சொல்லிருந்தா நாங்க குந்தி கூடை நெறைய வாரியிருப்போம்" என்றாள் ராஜம்மா.

"கோளாறு ஆள் பாத்துத்தான் வருது சின்னம்மா. என்னைக் கண்டா ஒளிஞ்சிக்குது."

"எங்க வூட்டுக்காரரு என்ஜினும் அப்படித்தான். கரையில மெக்கானிக்கைப் பாத்தா ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவும். நடு ஏரியில போயி நின்னுக்கும்."

சொன்ன பிறகுதான் தான் இவளோடு சகஜமாகப் பேசிவிட்டது ராஜம்மாவுக்கு உறைத்தது. முகத்தை மறுபடி கடுமையாக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்குச் செவ்வந்தி ஃபர்ஹத்துக்குப் போன் போட்டாள். பழவேற்காட்டு ஃபர்ஹத் கல்லூரியில் கூடப் படித்தவள், இப்போது வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறாள். ராஜம்மா கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என் கையில ஓடுதுடி. நூறு தரம் அமுக்கினாலும் ஓடுது. பாடு கூப்புடற மாமா கையில மட்டும் தாவுது."

"அப்ப உன் கையை வெட்டி அவங்களுக்குக் குடுத்துடு, பிரச்சினை தீர்ந்துச்சு" என்றாள் ஃபர்ஹத்.

"விளையாடாத. நாலு மணிக்குக் கூட்டம்."

"அந்த மாமாகிட்ட என்னா கேட்ட?"

"எப்படி அமுக்கினீங்கன்னு. எப்பவும் போலன்னு சொல்றாரு."

"கேட்டியா, பாத்தியா?"

"கேட்டேன்."

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா, பட்டனை அமுக்கிட்டு பேப்பர் வெயிட்டைத் தூக்கி கீபோர்டு மேல வைப்பாங்க. ரெண்டு மாசமா அந்தக் கோளாறைத் தேடினேன். கேட்டப்ப அவங்களும் எப்பவும் போலன்னுதான் சொன்னாங்க. போய் உக்காந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. சொல்றதைக் கேக்காதடி, செய்யறதைப் பாரு. சரி வைக்கிறேன், வாப்பா சாப்பிடக் கூப்பிடறாங்க."

சகாதேவன் அப்போது கூடத்தில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் மாலா ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். உள்ளே சோறு, மடவை மீன் குழம்பு, இன்னொரு கிண்ணத்தில் இறால் தொக்கு. மகளுக்கு மட்டும் கொண்டுவந்ததாக முகம். ஆனால் இரண்டு தட்டு இருந்தது.

ராஜம்மா தட்டைத் தள்ளினாள். "எனக்கு வேணாம்."

"உன்னை யாரு துண்ணச் சொன்னா? தட்டு கூட வந்துடுச்சி, அவ்ளோதான்" என்றாள் மாலா.

கூடம் முழுக்கத் தொக்கு வாசனை. ராஜம்மா வலையின் ஒரே முடிச்சை நெடுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்தாள்.

"ஞாயமா பாத்தா இது எங்க றாலுதான். எங்க றாலை நாங்க துண்றதுக்கு இன்னா?"

"துண்ணு. காரம் போதுமானு மட்டும் சொல்லு."

"பூண்டு கம்மி" என்றாள் ராஜம்மா, இரண்டாவது உருண்டையை வாயில் போட்டபடி.

இரண்டரை மணிக்குச் சகாதேவன் திரும்பி வந்தார். செவ்வந்தி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"மாமா, இப்ப சாயங்காலம்னு நெனச்சிக்குங்க. பாடு கூப்டணும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க தெனமும் செய்யற மாரியே செய்யுங்க."

"வெளையாட்டுக்குப் பாடு கூப்ட்டா அம்மன் கோச்சிக்கும்மா."

"நகல்தான் மாமா. பேரை மட்டும் வெளிய சொல்லாதீங்க."

சகாதேவன் தயங்கினார். பிறகு துண்டை இடுப்பில் கட்டினார். ஜன்னல் வழியாகத் தெரியும் கோயில் பக்கம் ஒரு தரம் கும்பிட்டார். மவுஸைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"கூப்புடறேன்" என்றார். விரல் தட்டியது.

"கூப்புடறேன்." விரல் தட்டியது.

"கூப்புடறேன்." விரல் தட்டியது.

கண்ணைத் திறந்து, கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மொத்தம் நான்கு விநாடி ஆகியிருக்காது. திரை உறைந்திருந்தது. பிறகு வெள்ளையாகப் பூத்தது.

செவ்வந்தி விநாடிகளை எண்ணினாள். இருபத்தொரு விநாடி. நாற்பத்திரண்டு. அறுபத்து மூன்று. திரை உயிர் பெற்றபோது, வர வேண்டிய பேரைத் தாண்டி மூன்றாவது பேர் நின்றது. முதல் இரண்டு பேரும் திரையில் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

"அய்யோ, தோ தாண்டிச்சி" என்றாள் ராஜம்மா. வலை மடியிலிருந்து நழுவியது. "நான் பாத்தேன். யாரும் தொடல. தானா தாண்டிச்சி."

"தானா இல்ல சின்னம்மா." செவ்வந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மாமா, எப்பவும் மூணு தரம் அமுக்குவீங்களா?"

"பின்னே?" சகாதேவன் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "நம்ம ஊருல எதையும் மூணு தரம் கூப்டாம இருப்போமா? சாவு சொன்னா மூணு தரம். கூட்டம்னா மூணு தரம். ஒரு தரம் கூப்ட்டு வுட்டா அது கூப்பாடே இல்லியே. மொதோ நாள்லேர்ந்து இப்படித்தாம்மா. ஒண்ணும் ஆகலியே."

முதல் நாளிலிருந்து ஒன்றும் ஆகாததற்கும் காரணம் இருந்தது. பழைய புரோகிராமில் பட்டனை அமுக்கியதும் ஒரு சின்னப் பெட்டி வந்து, இதுதான் பேர், சரியா என்று கேட்கும். அந்தப் பெட்டி திறந்திருக்கும்போது பின்னால் இருக்கும் பட்டன் வேலை செய்யாது. அவருடைய இரண்டாவது, மூன்றாவது தட்டல்கள் டிங் டிங் என்ற சத்தத்தோடு வீணாய்ப் போயின. ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் செவ்வந்தி அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள். அதுதான் இரண்டாவது மாற்றம். சிக்னலுக்காகப் புரோகிராம் உறைந்து நின்ற நேரத்தில், பின்னால் வந்த இரண்டு தட்டல்களையும் விண்டோஸ் தூக்கி எறியவில்லை. வரிசையில் நிறுத்தி வைத்தது. உறைவு நீங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டது. வரிசை தீர்ந்த பிறகுதான் திரையைப் புதுப்பித்தது.

இதை அவள் சொல்லச் சொல்லச் சகாதேவனின் முகம் மாறியது. அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப என் வெரலாலதான் வந்துச்சா? துளசிங்கம் பாடு போனது என்னாலயா?"

பதினெட்டு வருஷமாக ஊருக்குக் கூப்பாடு சொல்லும் மனிதர். தவறு அவர் பேரில் விழுந்தால் அந்த வேலை போய்விடும். செவ்வந்தியின் வீடு தப்பித்துவிடும். அந்த நினைப்பு அவள் மனதில் வந்து ஒரு கணம் நின்றது. நின்றது தெரிந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"உங்களால இல்ல மாமா. அமுக்கற பட்டனை எத்தினி தரம் வேணா மனுசங்க அமுக்குவாங்க. மூணு தரம் வந்தாலும் ஒண்ணா எடுத்துக்கற மாரி எழுதியிருக்கணும். நான் எழுதல. எடைமேடையில இப்படி எழுதியிருந்தா ஒரே லாரியை மூணு தரம் எடை போட்டிருக்கும். என் மொதலாளி என்னை வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

மணி மூன்று. அவள் தன் லேப்டாப்பைத் திறந்தாள். செய்தி அனுப்புவதைப் பின்னணிக்குத் தள்ளினாள், சிக்னல் வரும்போது போகட்டும், திரை காத்திருக்க வேண்டாம். அடுத்தது பட்டன். ஒரு தரம் அமுக்கியதும் செயலிழக்கச் செய்வதுதான் வழக்கமான வழி. அதை எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் சகாதேவனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை அழித்தாள். வேறு மாதிரி எழுதினாள்.

நான்கு மணிக்குக் கோயில் முன் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. சிங்காரம் ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. செவ்வந்தி பொட்டியை வெளியே கொண்டுவந்து ஒரு மேஜையில் வைத்தாள். முதலில் பழையபடி சகாதேவனை அமுக்கச் சொல்லி, பேர் தாண்டுவதை எல்லாருக்கும் காட்டினாள். பதிவேட்டில் இருபத்தொரு விநாடி இடைவெளியையும் காட்டினாள்.

பூபதி எழுந்தார். "அப்ப தப்பு சகாதேவன் மேல. மூணு தரம் யாரு அமுக்கச் சொன்னது?"

"இல்லண்ணா. அவரு நம்ம வழக்கப்படி கூப்டாரு. வழக்கம் தெரிஞ்ச ஊருல பொறந்துட்டு, அதை யோசிக்காம எழுதினது நான்."

"திரையில சரியானு கேக்குமே, அந்தச் சின்னப் பொட்டியை ஏன் எடுத்த?" தலைவர் தமிழ்வாணன் கேட்டார்.

செவ்வந்தி பதில் சொல்லும் முன் சகாதேவன் எழுந்துவிட்டார். "நான்தான் தலைவரே எடுக்கச் சொன்னேன். தெனம் சரியா சரியானு கேட்டு பேஜார் பண்ணுதும்மா, என் மேல நம்பிக்கை இல்லியானு சொன்னேன். அது புள்ள மேல தப்பில்ல."

"ரெண்டு பேரும் தப்பை இழுத்து இழுத்து மடியில போட்டுக்கறீங்க" என்றார் தமிழ்வாணன். "பொய்யா இருந்தா எவனாவது இப்படிப் பண்ணுவானா? பாத்த சாட்சி யாரு?"

"நான்" என்றாள் ராஜம்மா, பெண்கள் பக்கத்திலிருந்து. "காலையிலேர்ந்து பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் ஒளிக்கல. பொட்டி தாண்டினதை என் கண்ணால பாத்தேன். காலையில நான் பேசினது..." அவள் நிறுத்தி, மாலாவின் பக்கம் பார்த்தாள். "அது காலையில."

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து பேசினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். இன்றைக்குத் துளசிங்கம், நாளைக்கு முனியம்மா வீடு. சிங்காரத்துக்கு இந்தச் சுற்றில் பாடு முடிந்தது. அவர் வீட்டுப் பேர் பட்டியலில் இருக்கும். ஆனால் இந்தச் சுற்று முடியும்வரை செவ்வந்தி தினமும் ஐந்தரைக்குள் பஸ் பிடித்து வந்து பொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"பஸ்ஸு லேட்டானா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓட்டுநரைப் பாடு கூப்டச் சொல்லு" என்றார் பூபதி. கூட்டம் சிரித்தது.

செவ்வந்தி தீர்ப்புப்படி பட்டியலை மாற்றி, புதுப் புரோகிராமைப் பொட்டியில் ஏற்றினாள். ஐந்தே முக்காலுக்குச் சகாதேவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். மவுஸைத் தொட்டவர் தயங்கித் திரும்பினார்.

"எத்தினி தரம்மா அமுக்கணும்?"

"எப்பவும் போல மாமா."

"கூப்புடறேன்" என்று அமுக்கினார். திரையில் பெரிதாக ஒன்று என்று வந்தது. மறுபடி கூப்பிட்டு அமுக்கினார். இரண்டு. மூன்றாவது தட்டலுக்குத்தான் பேர் வந்தது. துளசிங்கம். அதற்குப் பிறகு வேண்டுமென்றே நாலாவது தரமும் அமுக்கிப் பார்த்தார். பேர் அசையவில்லை. கீழே ஒரு மூலையில் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று சின்ன எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சிக்னலைத் தேடி.

"தோ, இப்பதான் பொட்டி நம்ம ஊருப் பொட்டி" என்றார் சகாதேவன். துளசிங்கத்தின் பேரை மூன்று தரம், கடல் வரை கேட்கும்படி கூப்பிட்டார்.

செவ்வந்தி கரைக்குப் போனபோது துளசிங்கத்தின் படகில் கழிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏற்றிவிட்டது சிங்காரம். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பேச்சென்றால் "அந்தப் பக்கம் கொஞ்சம் இறக்கு", "ம்", அவ்வளவுதான். ராஜம்மா தண்ணீரோரம் கூடையோடு நின்று, "நேத்து எந்தக் கழிக்கிட்ட நெறைய விழுந்துச்சினு அவருக்குச் சொல்லு மாமா" என்று கத்தினாள். சிங்காரம் கிழக்கே கை காட்டினார். படகு பசியாவரம் தீவுப் பக்கம் திரும்பி, அப்புறம் முகத்துவாரத்தை நோக்கிப் போனது.

சிங்காரம் கரையேறி லுங்கியைப் பிழிந்தார். செவ்வந்தி அவர் பக்கத்தில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஊரே பேசிச்சி நைனா. ராஜம்மா சின்னம்மாகூட எனக்கோசரம் எழுந்து நின்னாங்க. நீ மட்டும் காலையிலேர்ந்து ஒரு வார்த்த பேசல. என் மேல உனக்கு அவ்ளோதானா?"

சிங்காரம் நின்றார். பிழிந்த லுங்கியை மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"நேத்து என் பேரைக் கூப்டப்பவே தெரியும்மா, அது என் மொறை இல்லைனு, நீ எனக்கோசரம் இன்னாமோ பண்ணிட்டேனு நெனச்சேன், வேணாம்னு சொன்னா அங்கியே உன் பேரு கெட்டுடும்னுதான் வலையைத் தூக்கினேன்."